அந்தப் பக்கம் பிடிக்கும் அத்தை

என் அத்தை தையல்காரி. ஆனாலும் எங்கள் பகுதியில் டிவி பழுது பார்க்கிறவர்கள் அத்தனை பேருக்கும் அவளைத் தெரியும். துணி தைக்கக் கொடுத்துத் தெரிந்தவர்கள் அல்ல. பெரிய டிவி ஒன்றைப் பிரிக்க வேண்டி வந்தால் அவர்கள் வாசலில் வந்து நின்று, "அக்கா, ஒரு அஞ்சு நிமிஷம் வரீங்களா, அந்தப் பக்கம் பிடிக்கணும்" என்பார்கள். அத்தை மிஷினிலிருந்து காலை எடுத்து, மடியில் கிடக்கும் நூலை உதறிவிட்டுக் கிளம்பிவிடுவாள். அப்படியே அவளுக்கு அந்தப் பக்கம் என்று பெயர் விழுந்துவிட்டது. "அந்தப் பக்கம் அக்கா இருக்காங்களா?" என்று கேட்டு வருகிறவரிடம், "அவங்க இந்தப் பக்கம்தான் இருக்காங்க" என்று மாமா சொல்வார். இதை அவர் எவ்வளவு காலமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார் என்றால், இப்போதெல்லாம் வருகிறவர்களே முந்திக்கொண்டு அதையும் சொல்லிவிடுகிறார்கள்.

மாமா என் அம்மாவின் தம்பி. டிவி மெக்கானிக். வீட்டின் முன்னறையில் பாதி அவருடைய மேஜை, பாதி அத்தையின் மிஷின். ஸ்க்ரூவும் ஊசியும் ஒன்றாகக் கலந்து கிடக்கும் அந்தத் தரையில் செருப்பில்லாமல் நடக்கத் தெரிந்தவர்கள் அவர்கள் மூன்று பேர்தான். மூன்றாவது ஆள் அவர்களுடைய மகள். அவளைப் பற்றிப் பிறகு.

பெரிய டிவியைப் பிரிப்பதில் என்ன கஷ்டம் என்று பார்க்காதவர்களுக்குப் புரியாது. அதன் முகம் ஒரு கண்ணாடித் தாள்தான். நீளம் கட்டில் அளவு, தடிமன் காலண்டர் அட்டை அளவு. பேனல் என்பார்கள். தூக்கினால் ஈரத் துணி மாதிரி நடுவில் தொய்யும். நாலு மூலையும் ஒரே மட்டத்தில் எழும்ப வேண்டும். ஒரு மூலை அவசரப்பட்டால் குறுக்கே ஒரு கோடு ஓடும், சத்தம்கூட வராது. பழைய மாடலுக்கு வேறு பேனலும் கிடைக்காது. அப்புறம் அந்த டிவி சுவரை அலங்கரிக்கிற வெறும் கறுப்புப் பலகைதான்.

இதைத் தூக்குவதற்கு மாமாவும் அத்தையும் ஒரு முறை வைத்திருந்தார்கள். எண்ண மாட்டார்கள். "எண்ணித் தூக்கினா ஒருத்தர் மூணுன்னு சொல்லும்போது தூக்குவாங்க, இன்னொருத்தர் சொல்லி முடிச்சு தூக்குவாங்க. அந்த இடைவெளியிலதான் கண்ணாடி போகுது" என்பாள் அத்தை. இருவரும் மூச்சை இழுத்துக்கொள்வார்கள். எதிராளியின் தோளைப் பார்ப்பார்கள். இரண்டு தோளும் ஏறி நின்ற நொடியில் தூக்குவார்கள். கட்டிலில் இறக்கி வைக்கும்வரை மூச்சை விடக் கூடாது. யாராவது விட்டுவிட்டால் அந்த இடத்திலேயே திரும்ப இறக்கிவிட வேண்டும். நெஞ்சில் காற்று நிற்கும்போது கை ஆடாது என்பது அவர்கள் கண்டுபிடிப்பு.

கல்யாணமான புதிதில் ஒரு நாள் படத்துக்குக் கிளம்பி, போகிற வழியில் வாடிக்கையாளர் வீட்டில் நுழைந்தார்களாம். மாமாவுக்குத் துணைக்கு வர வேண்டிய ஆள் வரவில்லை. நல்ல உடுப்பும் கைப்பையுமாக நின்றிருந்த அத்தையைப் பார்த்து மாமா, "கொஞ்சம் அந்தப் பக்கம் பிடிக்கிறியா" என்றிருக்கிறார். "படத்துக்குப் போகல. ஆனா அன்னைக்குத்தான் இவரு என்னை நேருக்கு நேர் பாத்தாரு. அதுக்கு முன்னாடி எல்லாப் பேச்சும் என் காதுக்குப் பின்னாடி இருக்கிற சுவத்துக்கிட்டதான்" என்று அத்தை இதைச் சொல்லும்போது மாமா அவசரமாக எதையாவது சால்டர் செய்யத் தொடங்குவார்.

இனி மகள். உயரமானவள், எதையும் அடித்துப் பார்க்கிற கை. சின்ன வயதில் எதிர் வீட்டுச் சுவரில் பந்தை அடித்து அடித்துச் சுண்ணாம்பை வட்டமாக உதிர்த்தாள். எதிர் வீட்டுக்காரர் ஜன்னல் கண்ணாடியை மாற்றிச் சலித்து, கடைசியில் அட்டை வைத்து அடைத்துவிட்டார். இப்போது அவள் வாலிபால் விளையாட வெளியூரில் தங்கியிருக்கிறாள். சர்வீஸ் போடுவதற்கென்றே அவளைப் பெஞ்சில் உட்கார வைத்திருப்பார்கள். ஆட்டம் இறுகும்போது உள்ளே அனுப்புவார்கள், போட்டு முடித்ததும் கூப்பிட்டுக்கொள்வார்கள். ஜன்னலில் அட்டையை வைத்திருந்த அதே எதிர் வீட்டுக்காரர், "அவ சர்வீஸை முதல்ல வாங்கினது எங்க வீட்டுக் கண்ணாடி" என்று பெருமையாகச் சொல்லிக்கொள்கிறார்.

அவளுடைய அணி இறுதி ஆட்டத்துக்குப் போய்விட்டது. ஞாயிற்றுக்கிழமை மாலை டிவியில் நேரடியாகக் காட்டுகிறார்கள் என்று செய்தி வந்தது. மகள் டிவியில் வருவது இதுதான் முதல் தடவை.

அப்போதுதான் எல்லோரும் மாமா வீட்டு டிவியைத் திரும்பிப் பார்த்தார்கள்.

அது ஒரு விடுதியின் வரவேற்பறையிலிருந்து கழித்துவிட்டபோது மாமா தூக்கி வந்தது. அந்தத் தெருவிலேயே பெரிது. வந்த நாளிலேயே திரையில் வெள்ளை வட்டங்கள் இருந்தன. இந்த ரகத்து டிவிகளுக்கு வயதானால் எல்லாவற்றுக்கும் வருகிற கோளாறுதான். பேனலுக்குப் பின்னால் வரிசையாகச் சின்ன விளக்குகள் இருக்கின்றன. ஒவ்வொரு விளக்கின் மேலும் வெளிச்சத்தைப் பரப்பிவிட ஒரு லென்ஸ், சட்டைப் பொத்தான் அளவில் ஒரு குமிழ், ஒட்டியிருக்கும். சூட்டில் பசை காய்ந்து லென்ஸ் உதிர்ந்துவிட்டால் அந்த விளக்கு ஒரே இடத்தில் குத்திட்டு நின்று எரியும். திரையில் அங்கே ஒரு நிலா. மாமா ஊரில் இருக்கிற நிலாக்களையெல்லாம் அணைத்துவிட்டு வந்து தன் வீட்டு நிலாக்களின் கீழே உட்கார்ந்து சாப்பிடுவார். "அடுத்த வாரம் பிரிச்சுடலாம்" என்பார். வாடிக்கையாளர் டிவிதான் எப்போதும் முந்தும். செய்தி வாசிக்கிறவர் தோளில் ஒன்று, நெற்றியில் ஒன்று என்று பழகிப்போய், வெளியே வேறு டிவியில் பார்த்தால் அவர்களுக்கு அந்த ஆள் வேறு யாரோ மாதிரி இருந்தாராம்.

ஆனால் வாலிபால் விஷயம் வேறு. ஒத்திகை மாதிரி ஏதோ ஒரு பழைய ஆட்டத்தைப் போட்டுப் பார்த்தார்கள். திரையில் ஏழெட்டுப் பந்துகள் இருந்தன. ஓடுகிறது எதுவோ அதுதான் பந்து என்று வைத்துக்கொண்டு பார்த்தாலும், அது ஒரு நிலாவுக்குள் புகுந்து காணாமல் போய் இன்னொரு நிலாவிலிருந்து வெளியே வந்தது.

"சனிக்கிழமை பிரிக்கிறோம்" என்றார் மாமா. இந்தத் தடவை நிஜமாகவே சொன்னார். வியாழக்கிழமை, வாசல்படியில் தூங்கிய நாயை எழுப்ப மனமில்லாமல் தாண்டிப் போய், வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டை உடைத்துக்கொண்டார். முழங்கைவரை மாவுக்கட்டு. நாய் எழுந்திருக்கவே இல்லை.

இது தெரிந்த அன்றே என் அம்மா போன் செய்தாள். அம்மா மாமாவுக்கு அக்கா, அத்தைக்கு நாத்தனார். அந்த உறவில் எவ்வளவு அன்பு இருக்க முடியுமோ அவ்வளவும் அவர்களுக்குள் இருந்தது, சண்டை ரூபத்தில். எங்கள் வீட்டில் போன மாதம்தான் புது டிவி வாங்கியிருந்தோம். அதன் மேல் ஒட்டியிருந்த தாளைக்கூட அம்மா இன்னும் உரிக்கவில்லை.

"அதான் எங்க வீட்ல இருக்கே. எல்லாரும் இங்க வந்து உக்காந்து பாருங்க. சோபாவுல சாஞ்சுக்கிட்டு பாக்கலாம். உங்க வீட்ல அந்தப் புள்ளியும் கோலமுமா எதை பாக்கப் போறீங்க?"

"பாக்கலாம் அண்ணி" என்றாள் அத்தை. போனை வைத்துவிட்டு மாமாவிடம் திரும்பினாள். நான் அங்கேதான் இருந்தேன் என்பதை இருவரும் மறந்திருந்தார்கள். நான் இருக்கிற இடத்தில் பொதுவாக அது நடக்கும்.

"என் பொண்ணை நான் என் வீட்லதான் பாக்கணும். அங்க போய்ப் பாத்தா அவ அண்ணி வீட்டு டிவியில வந்தவளா ஆயிடுவா. அடுத்த பத்து வருஷத்துக்கு அதைக் கேக்கணும். எங்க டிவியில எவ்ளோ நல்லா தெரிஞ்சா பாத்தியா, எங்க சோபாவுல உக்காந்துதானே அழுத, அப்படின்னு."

"அக்கா அப்படியெல்லாம் சொல்லாது" என்றார் மாமா.

அத்தை அவரைப் பார்த்தாள்.

"சொல்லும்" என்றார் மாமா.

பக்கத்துத் தெரு மெக்கானிக் கடையைப் பூட்டிவிட்டு மாமனார் ஊருக்குப் போயிருந்தார். இன்னொருவர் திங்கட்கிழமை வருவதாகச் சொன்னார். அதனால் சனிக்கிழமை மதியம் அத்தை டிவியைத் தானே பிரிப்பது என்று முடிவாயிற்று. நானும் எதிர் வீட்டுக்காரரும் அதைச் சுவரிலிருந்து இறக்கித் தரையில் மெத்தை மேல் மல்லாக்கப் படுக்க வைத்தோம். எதிர் வீட்டுக்காரர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார். மாமா நாற்காலியில் உட்கார்ந்து வாயால் வேலை செய்யத் தொடங்கினார்.

"முதல்ல கீழ் ஓரத்து ஸ்க்ரூ. மெதுவா. அது இல்ல, பக்கத்துல. மெதுவா."

"இத்தனை வருஷம் எதிர்ல நின்னுருக்கேன். ஒரு தடவை உங்களை மெதுவான்னு சொல்லியிருக்கேனா?"

"சொன்னதில்ல."

"அப்ப நீங்களும் சொல்லாதீங்க."

அப்போதுதான் ஒரு வேடிக்கை நடந்தது. மாமா உட்காரும் பக்கம் உட்கார்ந்த அத்தைக்குக் கை ஓடவில்லை. எந்த ஸ்க்ரூ எங்கே, எந்த வயர் எங்கே போகிறது எல்லாம் அவளுக்குத் தெரியும், ஆனால் எல்லாவற்றையும் அவள் பார்த்தது எதிர்ப்பக்கத்திலிருந்து. அவள் மனசில் டிவி என்பது தலைகீழாகத்தான் இருந்தது. இரண்டு நிமிடம் தடவிப் பார்த்துவிட்டு எழுந்து, சுற்றிப் போய், எப்போதும் நிற்கிற மேல் ஓரத்தில் உட்கார்ந்தாள். அப்புறம் ஸ்க்ரூக்கள் ஒவ்வொன்றாகத் தானே எழுந்து வருகிற மாதிரி வந்தன. சட்டத்தைக் கழற்றினாள். பேனலுக்குப் போகும் இரண்டு பட்டை வயர்களை உருவினாள். இனி தூக்க வேண்டும். இப்போது அந்தப் பக்கம் பிடிக்க ஆள் இல்லை.

"நான் பிடிக்கட்டுமா?" என்றேன்.

எனக்கு உள்ளங்கை வியர்க்கும். குடும்பத்தில் அது தெரியாதவர்கள் இல்லை. மாமா தன் மாவுக்கட்டைப் பார்த்தார், பிறகு என் கையைப் பார்த்தார், இரண்டில் எது பரவாயில்லை என்று யோசிக்கிறவர் மாதிரி. "நீ உக்காருப்பா" என்றாள் அத்தை அன்பாக.

அந்த நேரத்தில்தான் அம்மா உள்ளே வந்தாள். ஞாயிற்றுக்கிழமை எத்தனை பேர் வருவீர்கள், எத்தனை நாற்காலி போட வேண்டும் என்று கேட்க வந்தவள், தரையைப் பார்த்து நின்றாள்.

"என்னது, டிவியைப் படுக்கப் போட்டிருக்கீங்க? காய்ச்சலா?"

அம்மாவுக்கு நிலைமையைப் புரிந்துகொள்ள அதிக நேரம் பிடிக்காது. சொல்லாமல் இருக்கத்தான் அவளால் முடியாது.

"எங்க வீட்டுக்கு வர மனசு இல்ல. அதானே? இப்ப இதை ஒடச்சுட்டு அப்புறம் வரப் போறீங்க. சரி, யார் பிடிக்கப் போறா? இவனா? இவன் கிட்ட டீ கிளாஸையே ரெண்டு கையால பிடிடான்னு சொல்ல வேண்டியிருக்கு."

"நீங்க பிடிங்க அண்ணி" என்றாள் அத்தை.

அம்மா செருப்பைக் கழற்றினாள், வளையல்களைக் கழற்றி என்னிடம் கொடுத்தாள், கையைத் துடைத்துக்கொண்டு மாமாவின் பக்கம் போய் மண்டியிட்டாள். அத்தை முறையைச் சொன்னாள். மூச்சு, தோள், இறக்கும்வரை பேச்சில்லை.

"பேசக் கூடாதா?"

"பேசினா மூச்சு போயிடும்."

"எவ்ளோ நேரம்?"

"கட்டில் வரைக்கும்."

அம்மா கட்டிலுக்கு உள்ள தூரத்தை அளந்து பார்த்தாள். என் நினைவில் அம்மா விழித்திருக்கும்போது அவ்வளவு தூரம் பேசாமல் நடந்ததில்லை.

முதல் தடவை இருவரும் மூச்சை இழுத்தார்கள். தோள்கள் ஏறின, நின்றன. பேனல் எழும்பியது. ஒரு சாண் உயரம் போனதும் அம்மா, "அய்யோ, தொய்யுது" என்றாள். அத்தை கண்ணாலேயே சொல்ல, இறக்கினார்கள்.

"தொய்யும் அண்ணி. அது அப்படித்தான்."

"முன்னாடியே சொல்ல வேண்டாமா?"

இரண்டாவது தடவை எழுந்து நின்றுகூட விட்டார்கள். மாமா "அக்கா, கால்ல மெத்தை" என்றார். அம்மா, "நீ சும்மா இருடா" என்றாள். மறுபடி இறக்கினார்கள். அத்தை மாமாவைப் பார்த்த பார்வையில் அவருக்கு இடது மணிக்கட்டும் வலித்திருக்கும். அவர் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்குள் போய் அங்கிருந்து எட்டிப் பார்த்தார்.

மூன்றாவது தடவை அம்மா உதட்டை உள்ளே மடித்துக் கடித்துக்கொண்டாள். முகம் சிவந்தது. கண் அத்தையின் தோளை விட்டு நகரவில்லை. இருபது வருடமாக ஒருவரையொருவர் ஓரக்கண்ணால் மட்டுமே பார்த்துக்கொண்டிருந்த இருவர், கண்ணாடிக்கு இரண்டு பக்கமும் நேராகப் பார்த்துக்கொண்டு, பக்கவாட்டில் அடி வைத்துப் போனார்கள். திரை கட்டிலில் இறங்கியது. அம்மா மூச்சை விட்டாள். அடுத்த நொடியே அடக்கி வைத்திருந்ததையெல்லாம் சேர்த்துப் பேசிவிட்டாள். நாங்கள் யாரும் கேட்கவில்லை, சிரித்துக்கொண்டிருந்தோம்.

பேனலுக்கு அடியில் வெளிச்சத்தைப் பரப்ப வைத்திருந்த வெள்ளைத் தாள்களை அத்தை வரிசை மாறாமல் எடுத்து வைத்தாள். மாமா திரும்பி வந்து, "இப்ப சுவிட்ச் போடு" என்றார். வெள்ளைத் தட்டில் வரிசை வரிசையாக விளக்குகள் எரிந்தன. உதிர்ந்த இடங்களில் மட்டும் கண்ணைக் குத்தின. முகமே இல்லாமல் செய்தி வாசிக்கிறவரின் குரல் வந்துகொண்டிருந்தது.

"ஆள் எங்கடா?" என்றாள் அம்மா.

"கட்டில்ல படுத்திருக்காரு" என்றார் மாமா.

சுவிட்சை அணைத்து, தட்டின் கீழ் ஓரத்தில் ஒதுங்கிக் கிடந்த லென்ஸ்களைப் பொறுக்கினார்கள். ஒவ்வொன்றுக்கும் அடியில் மூன்று நுணுக்கமான கால்கள். பசையை அந்தக் கால்களில் மட்டும்தான் வைக்க வேண்டும், விளக்கின் மேல் ஒரு துளி பட்டாலும் அது கெட்டது. மாமா குச்சியால் வைப்பார். அத்தை ஊசி எடுத்தாள். ஊசிக் கண்ணில் பசையைத் தொட்டு வைத்தாள். அது அளவாகக் கால்களில் மட்டும் விழுந்தது. விடிகிறவரை லென்ஸ் நகராமல் இருக்க வேண்டுமே என்று யோசித்தபோது, அவளே போய் மிஷின் டப்பாவிலிருந்து பாபின்களைக் கொண்டுவந்தாள். நூல் சுற்றுகிற அந்தச் சின்ன உருளைகளின் நடு ஓட்டை, லென்ஸின் குமிழில் செதுக்கி வைத்த மாதிரி உட்கார்ந்தது. அவள் பக்கத்து வரிசைகளில் அவள் வைத்தாள். எதிர் ஓரத்தில் அம்மா வைத்தாள். சிவப்பு, பச்சை, நீலம் என்று நூலோடு பாபின்கள் வெள்ளைத் தட்டில் நின்றன. "நல்லா இருக்கு. இப்படியே சுவத்துல மாட்டிடலாம்" என்றாள் அம்மா.

மறுநாள் காலை அம்மா எங்களுக்கு முன்னால் அங்கே இருந்தாள். பசை இறுகியிருந்தது. பாபின்களை எடுத்தார்கள், தாள்களை அடுக்கினார்கள், முதல் தடவையிலேயே பேனலைத் தூக்கி வைத்தார்கள். இடையில் பாபின் எடுக்கும்போது, முதல் நாள் யார் முதலில் மூச்சை விட்டது என்று இருவருக்கும் ஒரு சின்ன வாக்குவாதம் நடந்தது. அதை அப்போது யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. சட்டத்தை முடுக்கி, டிவியைச் சுவரில் ஏற்றிவிட்டு எல்லோரும் சாப்பிடப் போனோம்.

ஆட்டத்துக்குக் கொஞ்சம் முன்னால் சுவிட்ச் போட்டபோது ஆட்கள் வரத் தொடங்கியிருந்தார்கள். எதிர் வீட்டுக்காரர், டீக்கடைக்காரர், தைக்கக் கொடுத்தவர்கள், டிவி பழுது பார்க்கக் கொடுத்துவிட்டு அதனாலேயே தங்கள் வீட்டில் பார்க்க முடியாதவர்கள். திரை எரிந்தது. நிலா ஒன்றுகூட இல்லை. எல்லோரும் நீளமாக ஒரு சத்தம் எழுப்பினார்கள். அது பாதியில் நின்றது. இடது பக்கம் கீழ் மூலையில் வட்டமாக ஒரு நிழல் விழுந்திருந்தது.

அத்தை கிட்டே போய்ப் பார்த்தாள். பிறகு திரும்பி அம்மாவைப் பார்த்தாள். அம்மா மிஷின் டப்பாவைத் திறந்து பார்த்தாள். அவள் ஓரத்தில் வைத்திருந்த பச்சை நூல் பாபினைக் காணவில்லை.

"நீ எடுத்துட்டன்னு நினைச்சேன்" என்றாள் அம்மா. குரல் வழக்கத்தைவிடச் சின்னதாக இருந்தது.

"உங்க பக்கம் எனக்குத் தலைகீழா தெரியும் அண்ணி. அந்த மூலையை நான் பாக்கவே மாட்டேன். இவரு பக்கம் அது. இவருதான் எப்பவும் பாத்துக்குவாரு."

மாமா கடிகாரத்தைப் பார்த்தார். "விடு. ஒரு நிழல்தானே. மூலையிலதான் இருக்கு. மறுபடி பிரிச்சு ஏதாவது ஆயிட்டா ஆட்டமே போயிடும்." அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அத்தையும் தலையாட்டினாள். ஆனால் அவள் கண் அந்த மூலையை விட்டு வரவில்லை.

வீட்டில் எல்லோரும் அம்மாவைப் பார்த்தார்கள். இதுதான் அவள் காத்திருந்த நேரம். நாலு வீடு தள்ளி எங்கள் வீட்டில் புது டிவி சும்மா இருக்கிறது. வாங்க போகலாம் என்று ஒரு வார்த்தை போதும். அத்தைக்கு மறுத்துச் சொல்ல ஒன்றும் இருக்காது.

"பிரி" என்றாள் அம்மா. "சர்வீஸ் போட வந்து நிக்கிற இடமே அதுதான். இடது பக்க டீம்னா கீழ் மூலைக்குப் பக்கத்துல இருந்துதான் போடுவாங்க. அரை இறுதியில பாத்தேன். அதுக்கு முன்னாடி ஆட்டத்துலயும் அங்கேதான் நின்னா."

"எப்ப பாத்தீங்க?" என்றாள் அத்தை.

"போன்லதான். இவன் போட்டுக் கொடுத்தான். நீங்க யாரும் கூப்பிடலையே, நானே பாத்துக்கிட்டேன்." வளையல்களைக் கழற்றி என் கையில் திணித்தாள். "என் மருமக வந்து நிக்கும்போது மூஞ்சியில பாபின் உக்காந்திருக்கவா? பிரி."

வந்தவர்கள் சுவரோரமாக ஒதுங்கினார்கள். டிவி மறுபடி மெத்தைக்கு இறங்கியது. ஸ்க்ரூக்கள், சட்டம், வயர்கள். அத்தை தன் பக்கம், அம்மா எதிர்ப்பக்கம். இருவரும் மூச்சை இழுத்தார்கள். அறையில் இருந்த அத்தனை பேரும் ஏனென்று தெரியாமல் மூச்சை இழுத்துக்கொண்டார்கள். டீக்கடைக்காரரின் கன்னம் உப்பி நின்றது. பேனல் எழும்பிக் கட்டிலுக்குப் போனது, பின்னாலேயே தாள்களும் போயின. அம்மா கையை விட்டுப் பச்சை பாபினை எடுத்து, எல்லோருக்கும் தெரிகிற மாதிரி தூக்கிக் காட்டினாள். பிறகு அத்தை எழுந்து சுற்றி வந்து அம்மாவின் பக்கம் குனிந்து ஒரு தடவை பார்த்தாள், அம்மா எதிரே போய் அத்தையின் பக்கம் பார்த்தாள். தாள்கள் வந்தன. மறுபடி மூச்சு. பேனல் திரும்பி வந்து உட்கார்ந்தது. டிவியைச் சுவரில் ஏற்றியபோது ஆட்டம் தொடங்கிவிட்டிருந்தது. முதல் செட் ஏற்கெனவே முடிந்துவிட்டிருந்தது.

ஆனால் திரை முழுக்கத் திரையாக இருந்தது. பந்து ஒன்றே ஒன்றுதான். எங்கே போகிறது, யார் விரலில் பட்டு மாறுகிறது எல்லாம் தெரிந்தது. பெஞ்சில் அவள் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தது ஒரு மூலையில் தெரிந்தது. அதற்கே கைதட்டினார்கள். நான்காவது செட்டில் பின்தங்கி இருந்தபோது பயிற்சியாளர் கையைக் காட்டினார். அவள் எழுந்தாள்.

இடது பக்கம், கீழ் மூலை. அம்மா சொன்ன அதே இடம். அங்கே வந்து நின்று பந்தைத் தரையில் தட்டினாள். அத்தை அதுவரை உட்காரவே இல்லை. இப்போது திரைக்கு ஒரு கை தூரத்தில் நின்றாள். பின்னால் இருந்தவர்களுக்கு மறைத்தது. யாரும் நகரச் சொல்லவில்லை. மகள் பந்தைத் தூக்கிப் போட்டு எழும்பி அடித்தாள். எதிரணிப் பெண் கையை நீட்டியபோது பந்து அவளைத் தாண்டி விழுந்துவிட்டது. எதிர் வீட்டுக்காரர் எழுந்து நின்று, "எங்க ஜன்னல்" என்றார். அடுத்த சர்வீஸும் அப்படியே. அதற்கடுத்தது வலையில் பட்டு உருண்டு அந்தப் பக்கம் விழுந்தது. மாமா மாவுக்கட்டால் நாற்காலிக் கையைத் தட்டி வலியில் முகத்தைச் சுளித்துக்கொண்டே சிரித்தார். செட்டை எடுத்துவிட்டார்கள்.

கடைசி செட்டில் தோற்றார்கள். அதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். ஆனால் அன்று அந்த வீட்டை விட்டு வெளியேறியவர்கள் முகத்தைப் பார்த்தவர் எவரும் அதை நம்பியிருக்க மாட்டார்கள். டீக்கடைக்காரர் தெருவில் நின்று அந்த சர்வீஸைக் கையால் அடித்துக் காட்டிக்கொண்டிருந்தார்.

இருட்டிய பிறகு மகள் கூப்பிட்டாள். அத்தை போனை எல்லோரும் கேட்கிற மாதிரி வைத்தாள்.

"அம்மா, பாத்தீங்களா?"

"பாத்தோம்."

"அத்தை வீட்லயா?" அவளுக்கு அத்தை என் அம்மா.

"நம்ம வீட்லதான்."

"போம்மா. அந்த டிவியில எது பந்துன்னே தெரியாதே. சும்மா சொல்லாத."

"எல்லாம் தெரிஞ்சுது" என்றாள் அத்தை. "வலது முழங்கால்ல புதுசா ஒரு கட்டு போட்டிருக்க. நீ என்கிட்ட சொல்லல."

மகள் சிரிக்கிற சத்தம் வந்தது. "அதுகூடவா தெரிஞ்சுது?"

அம்மா போனை அத்தையின் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். "தெரியாம என்ன? இன்னைக்கு பேனல் தூக்கினது யாருன்னு கேளு. அந்தக் கட்டு எதுக்குப் போட்டன்னு இப்ப சொல்லு."